குறையும் குற்றமும்: இந்தியாவில் லோக்பால் கருத்தாக்கத்தின் வரலாறு

முன்னுரை

ஓய்வூதியம் காலத்தில் கிடைக்கப்பெறாத ஒருவர், காரணம் கூறப்படாமலே விண்ணப்பம் மறுக்கப்பெற்ற ஒருவர், அமைச்சர் கையூட்டுப் பெற்றார் எனச் சான்று காட்டும் ஒருவர் ஆகிய மூவரும் யாரிடம் சென்று முறையிடுவது என்னும் வினா மக்களாட்சி நாடுகள் அனைத்திற்கும் பொதுவானது. முதல் இருவர் கூறுவது குறை; மூன்றாமவர் கூறுவது குற்றச்சாட்டு. இவ்விரண்டையும் ஆள்வோரின் சார்பற்ற ஒருவர் கேட்டு ஆராய வேண்டும் என்னும் நோக்கில் இந்தியாவில் முன்வைக்கப்பெற்றதே லோக்பால் என்னும் கருத்தாக்கம். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னர் 2013இல் அது சட்டமானபோது குற்றச்சாட்டு மட்டுமே எஞ்சியது. குறை வெளியே நின்றது. இம்மாற்றம் நிகழ்ந்த முறையையும் அதனால் நேர்ந்த இழப்பையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

ஓம்புட்ஸ்மன் என்பது சுவீடிய மொழிச் சொல். ஒருவர்பொருட்டு அவர் சார்பில் செயற்படுபவர், அதாவது பேராளர் என்பது அதன் பொருள். பொல்தாவாப் போரில் 1709இல் தோல்வியுற்று ஒட்டோமான் ஆட்சிப்பகுதியில் தங்கியிருந்த சுவீடிய மன்னர் பன்னிரண்டாம் சார்லஸ், தாம் இல்லாத நாட்டில் அலுவலர்கள் சட்டப்படி நடக்கின்றனரா எனக் கண்காணிக்க 1713இல் ஒரு பேராளரை ஏற்படுத்தினார். அவர் மன்னரின் பேராளர். 1809ஆம் ஆண்டு அரசமைப்பு, நாடாளுமன்றத்தின் சார்பில் இப்பணியைச் செய்யும் தனிப்பதவி ஒன்றைத் தோற்றுவித்தது. 1810இல் லார்ஸ் ஆகஸ்டின் மன்னர்ஹெய்ம் அப்பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். கண்காணிப்பவரை அமர்த்தும் உரிமை ஆள்பவரிடமிருந்து பேரவைக்கு மாறியதே இப்பதவியின் உண்மையான தொடக்கம் எனலாம். அரசு ஆவணங்களைக் குடிமக்கள் காணலாம் என்னும் சட்டம் அந்நாட்டில் 1766ஆம் ஆண்டிலேயே இயற்றப்பெற்றது என்பதும் இங்கு உடன்வைத்து நோக்கத்தக்கது. வெளிப்படைத்தன்மை முன்னும் கண்காணிப்பு பின்னுமாக வளர்ந்தன.

நூறாண்டுக்கு மேல் சுவீடனுக்குள்ளேயே நின்ற இப்பதவி பின்லாந்தின் 1919ஆம் ஆண்டு அரசமைப்பிலும் டென்மார்க்கின் 1953ஆம் ஆண்டு அரசமைப்பிலும் இடம்பெற்றது. 1962இல் நியூசிலாந்து இதனை ஏற்றது. ஆங்கில மரபுச் சட்டமுறை நிலவும் நாட்டிலும் இப்பதவி இயங்கும் என்பதற்கு அது சான்றாயிற்று. பிரித்தானியா 1967இல் நாடாளுமன்ற ஆணையரை ஏற்படுத்தியது.

இந்திய மக்களவையில் 1963இல் இப்பொருள் விவாதிக்கப்பெற்றபோது, லட்சுமி மல் சிங்வி லோக்பால் என்னும் சொல்லை ஆக்கி வழங்கினார். லோகபாலர் என்பது வடமொழி மரபில் திசைகளைக் காக்கும் தெய்வங்களைக் குறிக்கும் பழஞ்சொல். எனவே, பேராளர் என்னும் பொருளுடைய சொல் இந்தியாவிற்கு வந்தபோது காவலர் என்னும் பொருளைப் பெற்றது. பேராளர் தம்மை அனுப்பியவருக்கு விடை கூற வேண்டியவர். காவலரோ மேலிருந்து காப்பவர். தமிழில் வழங்கும் குறைதீர்ப்பாளர், முறைமன்ற நடுவர் என்னும் ஆக்கங்கள் மூலப்பொருளுக்கு ஓரளவு அண்மையில் நிற்கின்றன. முறை என்னும் சொல் நீதியையும், முறையிடுதல் என்னும் வினை குறையை எடுத்துரைத்தலையும் உணர்த்துதல் கருதத்தக்கது.

பழஞ்சான்றுகளை அளக்கும் முறை

இத்தகைய கண்காணிப்பு நம்மிடம் முன்பே இருந்தது என்பதற்கு உத்தரமேரூர்க் கல்வெட்டுகளைச் சான்றாகக் காட்டுவது வழக்கம். முதலாம் பராந்தகனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளுக்குரிய (பொ.ஆ. 919, 921) அக்கல்வெட்டுகள் வாரிய உறுப்பினரைக் குடவோலை வழியே தெரிந்தெடுக்கும் விதிகளைக் கூறுகின்றன. அவற்றுள் பிந்தையதன்படி, உறுப்பினராக வேண்டுவோர் கால் வேலிக்கு மேற்பட்ட வரிசெலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் உடையவராய், 35 முதல் 70 வரையிலான அகவையினராய் இருத்தல் வேண்டும். வாரியத்தில் பணியாற்றிக் கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி, அவருடைய நெருங்கிய உறவினரும் தகுதியிழந்தனர்.

கணக்குக் காட்டாமையைத் தகுதியின்மையாகக் கொண்ட இவ்விதியின் கடுமை வியக்கத்தக்கதே. ஆயினும் இரு செய்திகளை மறத்தலாகாது. முதலாவது, இது பிரமதேய ஊரின் நிலவுடைமைப் பிராமணர் சபைக்குரிய விதி. இரண்டாவது, இது சபை தன் உறுப்பினர்மீது தானே செலுத்திய கட்டுப்பாடு. சபைக்கு வெளியே நின்ற உழுகுடி ஒருவர் வாரியத்தின்மீது முறையிடுவதற்கான வழி எதனையும் இவ்விதிகள் வகுக்கவில்லை. ஓம்புட்ஸ்மன் பதவியின் உயிர்நிலையோ வெளியே நிற்பவர் முறையிடக்கூடுவதில்தான் உள்ளது.

சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையில் வெளியே நின்ற ஒருத்தி முறையிடுகிறாள். ஆனால், அங்குக் குற்றஞ்சாட்டப்பெற்ற மன்னனே நடுவனாகவும் இருக்கிறான். நீதி அவனது மனச்சான்றைச் சார்ந்தே நிற்கிறது. குற்றஞ்சாட்டப்பெறுபவரும் நடுவரும் ஒருவராதல் கூடாது என்பதே பிற்கால நிறுவனம் தீர்க்க முயன்ற சிக்கலாகும். ஆகவே, பழஞ்சான்றுகள் இப்பதவியின் முன்னோடிகள் என்பதைவிட, இப்பதவி ஏன் தேவைப்பட்டது என்பதை விளக்கும் சான்றுகள் என்பதே பொருந்தும்.

குறையிலிருந்து குற்றத்திற்கு

விடுதலைக்குப் பின் நிருவாகத் தூய்மை குறித்து நிகழ்ந்த முதற்பெரும் ஆய்வு, தமிழரும் அரசமைப்பு அவையின் உறுப்பினராக இருந்தவருமான கே. சந்தானம் தலைமையிலான குழுவினுடையது. 1962இல் அமைக்கப்பெற்ற அக்குழுவின் பரிந்துரையின்பேரில் 1964இல் மத்திய விழிப்புணர்வு ஆணையம் தோன்றியது. ஆனால், அது அலுவலர்களைப் பற்றியது. அமைச்சர்கள் அதன் எல்லைக்குள் வரவில்லை. அதன் கருத்துகளும் அறிவுரை அளவிலேயே நின்றன.

இக்குறையை நிறைவு செய்ய முற்பட்டது 1966இல் அமைக்கப்பெற்ற நிருவாகச் சீர்திருத்த ஆணையம். மொரார்ஜி தேசாய் தலைமையில் அது அவ்வாண்டே அளித்த இடைக்கால அறிக்கை, மத்தியில் லோக்பாலையும் மாநிலங்களில் லோகாயுக்தாவையும் பரிந்துரைத்தது. குடிமக்களின் குறைகளைத் தீர்ப்பதிலுள்ள சிக்கல்கள் என்பதே அவ்வறிக்கையின் தலைப்பு. ஊழல் என்னும் சொல் தலைப்பில் இல்லை என்பது குறிப்பிடத்தக்கது.

1968ஆம் ஆண்டுச் சட்டமுன்வடிவு குறை, குற்றச்சாட்டு இரண்டையும் உள்ளடக்கியிருந்தது. 1969இல் மக்களவை அதனை நிறைவேற்றியது. மாநிலங்களவையில் நிறைவேறுமுன் மக்களவை கலைக்கப்பெற்றதால் அது காலாவதியாயிற்று. 1971ஆம் ஆண்டு முன்வடிவும் இரண்டையும் உள்ளடக்கியே அமைந்தது. 1977ஆம் ஆண்டு முன்வடிவிலிருந்து குறை நீக்கப்பெற்றது. அதன்பின் 1985, 1989, 1996, 1998, 2001 ஆகிய ஆண்டுகளில் வந்தவை ஊழலை மட்டுமே பேசின. இவ்வெட்டனுள் 1985ஆம் ஆண்டினது அரசாலேயே திரும்பப் பெறப்பெற்றது. ஏனையவை மக்களவையின் கலைப்போடு காலாவதியாயின. விவாதமும் பெரும்பாலும் பிரதமர் இதன் எல்லைக்குள் வருவாரா என்பதையே சுற்றி நின்றது. 1985இல் விலக்கப்பெற்ற பிரதமர் 1989இல் சேர்க்கப்பெற்றார். உயர்ந்தோரின் குற்றம் கவனத்தை ஈர்த்த அளவிற்கு எளியோரின் குறை ஈர்க்கவில்லை.

2011இல் அண்ணா ஹசாரேயின் உண்ணாநோன்பையொட்டி எழுந்த மக்கள் இயக்கம் இச்சட்டத்திற்குப் புத்துயிர் அளித்தது. அவ்வாண்டு டிசம்பரில் மக்களவையில் நிறைவேறிய முன்வடிவு, திருத்தங்களோடு 2013 டிசம்பர் 17இல் மாநிலங்களவையிலும் மறுநாள் மக்களவையிலும் நிறைவேறியது. 2014 ஜனவரி 16இல் நடைமுறைக்கு வந்தது. பொதுச் சேவைகளைக் காலத்தில் பெறும் உரிமைக்கும் குறைதீர்ப்பிற்குமெனத் தனியே கொணரப்பெற்ற 2011ஆம் ஆண்டுச் சட்டமுன்வடிவோ 2014இல் மக்களவையோடு காலாவதியாயிற்று. குற்றத்திற்குச் சட்டம் கிடைத்தது, குறைக்குக் கிடைக்கவில்லை. மத்தியப் பிரதேசம் 2010இல் தொடங்கிவைத்த மாநிலச் சேவை உரிமைச் சட்டங்கள் இவ்விடைவெளியை ஓரளவு நிரப்புகின்றன. எனினும் அவற்றில் மேல்முறையீட்டைக் கேட்பவர் பெரும்பாலும் அதே நிருவாகத்தின் மேலலுவலரே ஆவார்.

மாநிலங்களின் பட்டறிவு

லோகாயுக்தாச் சட்டத்தை 1970இல் முதலில் இயற்றியது ஒரிசா. பதவியை 1972இல் முதலில் நிறுவியது மகாராட்டிரம். மத்தியில் கைவிடப்பெற்ற குறை என்னும் கூறு மகாராட்டிரம், கர்நாடகம் முதலிய மாநிலச் சட்டங்களில் நிலைத்தது.

கர்நாடகத்தின் 1984ஆம் ஆண்டுச் சட்டம் தனிக் காவல் பிரிவோடு செயற்பட்டமையால் வலிமை பெற்றது. நீதிபதி என். சந்தோஷ் ஹெக்டே 2011 சூலையில் அளித்த சட்டவிரோதச் சுரங்க அறிக்கையையடுத்து அம்மாநில முதலமைச்சர் பதவி விலகினார். அதன் தொடர்பான வழக்கில் 2016இல் தனிநீதிமன்றம் அவரை விடுவித்தது. கண்காணிப்பாளரின் கருத்து தீர்ப்பாகாது என்பதை இது உணர்த்துகிறது. 2015இல் லோகாயுக்தா அலுவலகத்திற்குள்ளேயே பணம் பறிக்கப்பெற்றதாகக் குற்றச்சாட்டு எழுந்து, பதவியிலிருந்தவர் விலக நேர்ந்தது. கண்காணிப்போரைக் கண்காணிப்பது யார் என்னும் வினா அப்போது கண்முன் நின்றது. 2016இல் ஊழல் தடுப்புப் பிரிவு தனியே உருவாக்கப்பெற்று, லோகாயுக்தாவின் புலனாய்வு அதிகாரம் அதற்கு மாற்றப்பெற்றது. 2022 ஆகஸ்டில் உயர்நீதிமன்றம் அப்பிரிவைக் கலைத்து, அதிகாரத்தை மீட்டளித்தது.

கேரளத்தின் 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, ஒருவர் பதவியில் நீடிக்கலாகாது என லோகாயுக்தா அறிவித்தால் அவர் விலக வேண்டும் எனக் கூறியது. 2021 ஏப்ரலில் ஓர் அமைச்சர் இப்பிரிவின் விளைவாக விலகினார். 2022இல் நிறைவேறி 2024இல் குடியரசுத்தலைவரின் இசைவைப் பெற்ற திருத்தம், அவ்வறிவிப்பை ஏற்பதா மறுப்பதா என முடிவுசெய்யும் உரிமையை முதலமைச்சர், சட்டமன்றம் முதலிய அரசியல் அமைப்புகளுக்கு அளித்தது. தேர்ந்தெடுக்கப்பெற்றவரை நியமனம் பெற்றவர் நீக்கலாமா என்னும் வினா நேர்மையான வினாவே. ஆயினும், நடுவர் நிலை மீண்டும் ஆள்வோரிடமே சென்றதை மறுக்க இயலாது.

தமிழகத்தில் 1973ஆம் ஆண்டிலேயே பொதுவாழ்வினரின் குற்றவியல் நடத்தை குறித்த சட்டம் இயற்றப்பெற்று, 1977இல் நீக்கப்பெற்றது. தகவல் அறியும் உரிமைக்கு 1997இல் முதலில் சட்டம் கண்ட இம்மாநிலம், லோகாயுக்தாச் சட்டத்தை 2018இல்தான் நிறைவேற்றியது. மத்தியச் சட்டம் மாநிலங்களுக்கு விதித்த ஓராண்டுக் கெடு 2015லேயே முடிந்திருந்தது.

வெற்றிருக்கை

சட்டம் நடைமுறைக்கு வந்தபின் முதல் லோக்பால் தலைவராக நீதிபதி பினாகி சந்திர கோஷ் 2019 மார்ச்சில் பொறுப்பேற்கும் வரை ஐந்தாண்டுகள் இருக்கை வெறுமையாக இருந்தது. தெரிவுக்குழுவில் இடம்பெற வேண்டிய எதிர்க்கட்சித் தலைவர் 2014இல் அமைந்த மக்களவையில் ஏற்கப்பெறாமை காரணமாகக் கூறப்பெற்றது. சட்டத்தை அந்நிலையிலும் செயற்படுத்தலாம் என உச்சநீதிமன்றம் 2017 ஏப்ரலில் தெளிவுறுத்திய பின்னரும் ஏறத்தாழ ஈராண்டுகள் கழிந்தன. 2022 மே மாதம் அவர் ஓய்வுபெற்ற பின்னர், 2024 மார்ச்சில் நீதிபதி ஏ.எம். கான்வில்கர் பொறுப்பேற்கும் வரை பொறுப்புத் தலைவரே இருந்தார். ஒரு நிறுவனத்தை நீக்கச் சட்டமன்றம் கூட வேண்டும். அதனைச் செயலற்றதாக்க நியமனத்தைத் தாழ்த்தினாலே போதும்.

நிறைவுரை

மேற்கண்டவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன. கண்காணிப்பவரை அமர்த்தும் உரிமை ஆள்வோரிடமிருந்து விலகிய இடத்திலேயே இப்பதவி பிறந்தது. அவ்வுரிமை ஆள்வோரிடம் மீளும்தோறும் அது மெலிகிறது. குடிமக்களின் குறையில் தொடங்கிய இந்திய முயற்சி, 1977ஆம் ஆண்டிற்குப் பின் உயர்ந்தோரின் குற்றத்தோடு நின்றுவிட்டது. கண்காணிக்கும் நிறுவனமும் வெளிப்படையாக இருத்தல் வேண்டும் என்பதைக் கர்நாடகத்தின் பட்டறிவு காட்டுகிறது.

அமைச்சரின் ஊழலைக் காணும் வாய்ப்புடைய குடிமக்கள் சிலரே. அலுவலகத்தில் காரணமின்றிக் காத்திருப்போர் பலர். அப்பலருக்காகவே 1966இல் இக்கருத்தாக்கம் முன்மொழியப்பெற்றது. லோக்பாலின் வரலாற்றை ஊழல் ஒழிப்பின் வரலாறாக மட்டும் எழுதுவது அவர்களை இரண்டாம் முறையும் வெளியே நிறுத்துவதாகும். குறை என்னும் சொல்லை மீண்டும் சட்டத்திற்குள் கொணர்வதற்கு, அது முன்பு அங்கு இருந்தது என்பதை நினைவூட்டுதல் முதற்படியாகும்.