திண்டிவனத்திலிருந்து நியூயார்க் வரை: இடா ஸ்கடர் மருத்துவக் கல்லூரி தேர்ந்தெடுத்த கதை

வேலூர் சிஎம்சி தெரியாத குடும்பம் எங்க விழுப்புரம் மாவட்டத்தில் இருக்காது. "எதுக்கும் ஒரு தடவை வேலூர்ல காட்டிடுங்க" என்பது கெடாரில் இன்றும் கேட்கும் பேச்சு. ஆனால் அந்த ஆஸ்பத்திரியின் கதை தொடங்கிய ஊர் வேலூர் இல்லை, நம்ம திண்டிவனம்.

1890களின் தொடக்கம். திண்டிவனம் மிஷன் பங்களாவில் டாக்டர் ஜான் ஸ்கடர் குடும்பத்தோடு இருக்கிறார். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று அமெரிக்காவிலிருந்து வந்திருந்தார் மகள் இடா. ஒரே இரவில் மூன்று பேர் வந்து கதவைத் தட்டுகிறார்கள். மூவரின் மனைவிகளும் பிரசவ வேதனையில். இடா, "நான் டாக்டர் இல்லை, அப்பாதான் டாக்டர்" என்கிறார். ஆண் டாக்டர் பார்க்கக் கூடாது என்று மூவரும் திரும்பிப் போகிறார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். இடா டாக்டருக்குப் படிக்க முடிவு செய்தது அதற்குப் பிறகுதான்.

இதைப் பலரும் எழுதிவிட்டார்கள். ஆனால் எல்லாரும் "பிறகு அமெரிக்கா சென்று மருத்துவம் படித்துத் திரும்பினார்" என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அந்த ஒரு வரியில்தான் சந்தேகம். எந்தக் கல்லூரி? ஏன் அது? அன்றைக்கு ஒரு பெண்ணுக்கு எத்தனை கதவுகள் திறந்திருந்தன?

சென்னையா, வெளிநாடா?

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் கழித்துவிடலாம். அன்று இந்தியாவில் பெண்கள் மருத்துவம் படிக்கவே வழியில்லை என்று நினைக்கிறோம். உண்மையில் 1875லேயே சென்னை மருத்துவக் கல்லூரி நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அவர்களில் ஒருவர் மேரி ஷார்லீப், சென்னையில் வக்கீலாக இருந்த ஆங்கிலேயர் ஒருவரின் மனைவி. 1878இல் சென்னையில் உரிமப் படிப்பை முடித்தார். ஆனால் அதோடு நிற்காமல் லண்டன் போய் 1882இல் பல்கலைக்கழகப் பட்டமும் வாங்கிக்கொண்டு சென்னைக்குத் திரும்பினார். 1885இல் அவர் முயற்சியில் தொடங்கிய ஆஸ்பத்திரிதான் இன்றைய திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை, கோஷா ஆஸ்பத்திரி என்றால் சென்னைக்காரர்களுக்குச் சட்டென்று புரியும்.

படித்த ஊரிலேயே தொழில் செய்ய முடிந்தவர் எதற்காகக் கப்பல் ஏறினார்? வைத்தியம் பார்க்க அனுமதிப்பது உரிமம். ஒரு ஆஸ்பத்திரியை நடத்தவும், அடுத்தவருக்குக் கற்றுக்கொடுக்கவும், அரசாங்கத்தோடு சமமாக உட்கார்ந்து பேசவும் பட்டம் வேண்டும். இந்த வித்தியாசத்தை அவர் அப்போதே புரிந்துவைத்திருந்தார் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

இடாவுக்கு முன்னால் இங்கிருந்து அமெரிக்கா போன இன்னொரு பெண் ஆனந்திபாய் ஜோஷி. கல்யாணைச் சேர்ந்தவர். 1883இல், பதினெட்டு வயதில், பிலடெல்பியாவில் இருந்த பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். சென்னையை விட்டுவிட்டு ஏன் அமெரிக்கா என்ற கேள்வி அவரிடமும் கேட்கப்பட்டது. கிளம்பும் முன் செராம்பூரில் ஒரு கூட்டத்தில் நின்று அதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் போனார். 1886 மார்ச்சில் பட்டம் வாங்கினார். கோலாப்பூர் ஆஸ்பத்திரியில் பெண்கள் பிரிவுக்குப் பொறுப்பாளராக நியமனமும் கிடைத்தது. ஆனால் 1887 பிப்ரவரியில், இருபத்திரண்டு வயதுகூட நிறையாமல், காசநோயில் இறந்துபோனார்.

பிலடெல்பியாவில் மூன்று வருஷம்

1895இல் இடா சேர்ந்ததும் அதே பிலடெல்பியா கல்லூரிதான். 1850இல் பெண்களுக்காகவே தொடங்கப்பட்டது. மிஷனரியாகப் போக விரும்பிய பெண்கள் நிறையப் பேர் அங்கேதான் படித்தார்கள். வேறு வழி என்ன இருந்தது? பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரி 1893இல் திறந்தபோதே பெண்களைச் சேர்த்துக்கொண்டது. பெண்களைச் சேர்க்க வேண்டும் என்ற நிபந்தனையோடு வந்த நன்கொடையால்தான் அதுவும் நடந்தது. ஆனால் அங்கே சேர ஏற்கெனவே ஒரு கல்லூரிப் பட்டம் வேண்டும். நார்த்ஃபீல்டு செமினரியில் படித்த இடாவிடம் அது இல்லை.

பெண்கள் கல்லூரியில் பாடத்துக்குக் குறை இல்லை. நோயாளியைப் பார்க்கும் வாய்ப்புதான் பிரச்சினை. பெரிய பொது ஆஸ்பத்திரிகள் ஆண்களின் கையில் இருந்தன. 1869இல் அந்தக் கல்லூரியின் மாணவிகள் பென்சில்வேனியா ஆஸ்பத்திரிக்கு வகுப்புக்குப் போனபோது ஆண் மாணவர்கள் கூச்சல் போட்டுக் கேலி செய்த சம்பவம் பத்திரிகைகளில் வந்து ஊரே பேசியது. பெண்களுக்கென்று தனி ஆஸ்பத்திரி ஒன்று பக்கத்திலேயே இருந்தது உண்மை. ஆனால் ஒரு பெருநகரத்தின் எல்லா வகை நோயும் வந்து சேரும் பொது ஆஸ்பத்திரிக்கு அது ஈடாகாது.

1898இல் நியூயார்க்கில் கார்னெல் பல்கலைக்கழகம் புதிதாக மருத்துவக் கல்லூரி தொடங்கியது, முதல் நாளிலிருந்தே பெண்களையும் சேர்த்துக்கொண்டு. எலிசபெத் பிளாக்வெல் 1868இல் நியூயார்க்கில் தொடங்கிய பெண்கள் மருத்துவக் கல்லூரி அடுத்த வருஷமே மூடப்பட்டு, அதன் மாணவிகள் கார்னெலுக்கு வந்தார்கள். பெண்களுக்குத் தனிக் கல்லூரி என்ற காலம் முடிகிறது என்பதற்கு அது ஒரு அடையாளம்.

பிலடெல்பியாவில் மூன்று வருஷம் படித்து முடித்திருந்த இடா, கடைசி வருஷத்துக்குக் கார்னெலுக்கு மாறினார். 1899இல் அங்கே பட்டம் வாங்கினார். கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பெண்கள் பட்டம் பெற்ற முதல் வகுப்பு அதுதான்.

யோசித்துப் பாருங்கள். ஐம்பது வருஷப் பெயர் உள்ள கல்லூரியை விட்டுவிட்டு, நேற்று திறந்த கல்லூரிக்கு மாறுகிறார். இன்றைக்கு நம் வீட்டுப் பிள்ளை இப்படிச் செய்தால் நாம் சும்மா விடுவோமா? என் ஊகம் இது: அவர் திரும்பிப் போகும் இடத்தில் சந்தேகம் கேட்கப் பக்கத்து ரூமில் பேராசிரியர் இருக்கமாட்டார். சிக்கலான பிரசவம், அறுவை, தொற்றுநோய் எல்லாம் ஒரே ஆளிடம்தான் வரும். எனவே கல்லூரியின் வயசைவிட, படிக்கும்போது எத்தனை நோயாளிகளைப் பார்க்க முடியும் என்பதே முக்கியம். நியூயார்க் அதைக் கொடுத்தது.

1900 தொடக்கத்தில் வேலூர் வந்தார். நியூயார்க் வங்கியாளர் ராபர்ட் ஷெல், தன் மறைந்த மனைவியின் நினைவாகக் கொடுத்த 10,000 டாலர் கையில் இருந்தது. மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி 1902இல் 40 படுக்கைகளோடு திறந்தது.

பட்டத்தை யார் ஒப்புக்கொள்வது?

1918இல் இடா பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை வேலூரில் தொடங்கினார். பெண்கள் யார் வரப் போகிறார்கள் என்று அதிகாரிகளுக்குச் சந்தேகம். முதல் வருஷமே 151 விண்ணப்பங்கள் வந்தன. அது எல்.எம்.பி. என்ற உரிமப் படிப்பு, பட்டம் இல்லை.

இந்தக் காலத்தில்தான் இன்னொரு சண்டை நடந்தது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் மருத்துவப் பட்டங்களை லண்டனில் இருந்த பொது மருத்துவக் கவுன்சில் அங்கீகரித்து வந்தது. 1920களில் அவர்கள் தொடர்ந்து குறை சொன்னது ஒரு பாடத்தைப் பற்றி: பிரசவம். மாணவர்கள் நேரடியாகப் பார்க்கும் பிரசவங்கள் போதாது என்றார்கள். கடைசியில் 1930இல் அங்கீகாரத்தையே விலக்கிக்கொண்டார்கள். 1933இல் இந்திய மருத்துவக் கவுன்சில் சட்டம் வந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இதைப் படித்தபோது எனக்குத் திண்டிவனம் ஞாபகம் வந்தது. ஆண் டாக்டரிடம் காட்டமாட்டோம் என்று குடும்பங்கள் சொன்னால், ஆண் மாணவன் பிரசவம் பார்த்துப் பழகுவது எப்படி? லண்டனில் இருந்தவர்களுக்கு அது தரக்குறைவாகத் தெரிந்தது. நம்ம ஊர் நிலவரத்துக்கும் அதில் பங்கு இருந்திருக்க வேண்டும்.

வேலூரும் தப்பவில்லை. 1930களின் கடைசியில் சென்னை மாகாணத்தில் எல்.எம்.பி. படிப்பே நிறுத்தப்படும் நிலை வந்தது. எழுபதை எட்டிய இடா மறுபடி அமெரிக்கா போய் ஊர் ஊராகப் பணம் திரட்டினார். 1942இல் வேலூர் எம்.பி.பி.எஸ். கல்லூரியாக உயர்ந்தது. 1947 முதல் ஆண்களும் சேர்ந்தார்கள்.

இன்றைக்கு இது எதற்கு?

போன வருஷம் ஊர்ப் பக்கம் சொந்தக்காரர் ஒருவர், "தம்பி, நீ கம்ப்யூட்டர் படிச்சவன், இதைக் கொஞ்சம் பாத்துச் சொல்லு" என்று ஒரு ஏஜென்ட் கொடுத்த நோட்டீஸைக் கொண்டுவந்தார். பெண் நீட்டில் தகுதி பெற்றிருக்கிறாள், அரசு சீட் கிடைக்கிற அளவுக்கு மார்க் இல்லை. முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருந்தும், எல்லாருக்கும் அதில் இடம் கிடைத்துவிடுமா? ஒன்றரை ஏக்கரை விற்று வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்பது அவர் கணக்கு. நோட்டீஸில் ஹாஸ்டல் படம், பனி விழும் படம், தென்னிந்தியச் சாப்பாடு எல்லாம் இருந்தன. ஆஸ்பத்திரியில் எத்தனை படுக்கை என்று மட்டும் இல்லை.

நான் ஆலோசகர் இல்லை. அவரிடம் மூன்று கேள்விகளை எழுதிக் கொடுத்தேன். எல்லாம் மேலே உள்ள வரலாற்றிலிருந்து எடுத்தவைதான்.

ஒன்று, பட்டத்தை இங்கே ஒப்புக்கொள்வார்களா? தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிப்படி படிப்பு குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும், ஆங்கிலத்தில் நடக்க வேண்டும், அதே நிறுவனத்தில் 12 மாத பயிற்சி வேண்டும், அந்த நாட்டிலேயே டாக்டராகப் பதிவு செய்யும் தகுதியும் கிடைக்க வேண்டும். திரும்பி வந்து இங்கே இன்னொரு 12 மாத பயிற்சி. இதில் ஒன்று குறைந்தாலும் போச்சு. நான்கு வருஷ, அதாவது 48 மாத, மருத்துவப் பட்டம் நடைமுறையில் இருந்த பிலிப்பைன்ஸுக்குப் போன பிள்ளைகள் மாட்டிக்கொண்டது இந்த மாதக் கணக்கில்தான்.

இரண்டு, நோயாளியைத் தொட விடுவார்களா? வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தாலும் வார்டில் இருக்கும் நோயாளி ஆங்கிலம் பேசமாட்டார். அந்த ஊர் மொழி தெரியாவிட்டால் மாணவி ஓரமாக நின்று வேடிக்கைதான் பார்க்க வேண்டும்.

மூன்று, திரும்பி வந்து எழுத வேண்டிய தகுதித் தேர்வில் அந்தக் கல்லூரிப் பிள்ளைகள் எப்படிச் செய்திருக்கிறார்கள்? 300 கேள்விகளில் 150 சரியாக இருக்க வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் சமீபத்தில் பல தேர்வுகளில் தேர்ச்சி 20 சதவீதத்தை ஒட்டியே நின்றது. அதாவது ஒரு தடவைக்கு ஐந்து பேரில் நான்கு பேர் வெளியே.

ஏஜென்ட் முதல் கேள்விக்குப் பாதிப் பதில் சொன்னார். இரண்டாவதுக்கு, "அதெல்லாம் அங்க போனா பழகிடும் சார்" என்றார். மூன்றாவதுக்குப் பதில் இன்னும் வரவில்லை. நிலம் இன்னும் விற்கப்படவில்லை. பெண் இன்னொரு வருஷம் நீட்டுக்குப் படிக்கிறாள். கூடவே வேறு இரண்டு கல்லூரிகளுக்கு, அங்கே படிக்கும் சீனியர்களிடமே இந்தக் கேள்விகளை நேராகக் கேட்டு விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.

உங்கள் வீட்டிலும் யாராவது இப்படி நோட்டீஸோடு வந்தால், பணம் கட்டுவதற்கு முன்னால் இந்த மூன்றையும் கேட்டுவிடுங்கள். பதிலை வாய்ப்பேச்சாக விடாமல் எழுத்தில் வாங்குங்கள்.