புவி ஒத்த கோள்களும் துடிக்கும் விண்மீன்களும்: ஓர் அளவுகோலின் வழக்கு

‘பூமியைப் போன்ற கோள்’ என்று அறிவிக்கப்படும் ஒவ்வொரு முறையும் கோளின் ஆரம் இவ்வளவு என்று ஓர் எண் சொல்லப்படுகிறது. அந்த எண்ணை யாரும் கோளிலிருந்து அளப்பதில்லை. 2009 மார்ச்சில் ஏவப்பட்ட கெப்ளர் விண்கலம் அன்னம், யாழ் விண்மீன் கூட்டங்களை அடுத்த ஒரே வான்பரப்பை நான்கு ஆண்டுகள் இமைக்காமல் பார்த்தது. சுமார் ஒன்றரை லட்சம் விண்மீன்களின் ஒளி எப்போது, எவ்வளவு மங்கியது என்பதையே அது பதிவு செய்தது. கோள் ஒன்று விண்மீனின் முன்னே கடக்கும்போது உண்டாகும் அந்த மங்கலிலிருந்து கிடைப்பது கோளின் ஆரத்துக்கும் விண்மீனின் ஆரத்துக்கும் உள்ள விகிதம் மட்டுமே. சூரியனைப் புவி கடப்பதைத் தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு ஒளி பத்து லட்சத்தில் 84 பங்கு குறையும். சூரியன் எவ்வளவு பெரியது என்று தெரியாத ஒருவர் இதை வைத்துப் புவியின் அளவைச் சொல்ல முடியாது.

விண்மீனின் உண்மையான ஆரம் நம் மதிப்பீட்டைவிட 20 விழுக்காடு பெரியது என்று கொள்வோம். 1.4 புவி ஆரம் என்று எழுதிய கோள் உண்மையில் 1.68 ஆகும், அதன் கன அளவு 73 விழுக்காடு கூடும். சிறு பிழை போலத் தோன்றலாம். ஆனால் 1.6 புவி ஆரத்துக்கு மேற்பட்ட கோள்களில் பெரும்பாலானவை பாறைக் கோள்களாக இருக்க வாய்ப்பில்லை என்று வானியற்பியலாளர் லெஸ்லி ராஜர்ஸ் 2015இல் காட்டினார். அதாவது, விண்மீனில் செய்த பிழை ஒரு கோளின் இனத்தையே மாற்றிவிடுகிறது.

இங்கேதான் துடிப்பு வருகிறது. செபீடு விண்மீன்கள் பெருமளவில் விரிந்து சுருங்குபவை. சூரியனை ஒத்தவை அப்படியல்ல. அவற்றின் மேலடுக்கில் கொதித்துப் புரளும் வாயு எழுப்பும் ஒலியலைகள் உள்ளே சிறைப்பட்டு, விண்மீனைக் கோயில் மணி போல ஒலிக்க வைக்கின்றன. சூரியனில் இந்த அலைவின் காலம் ஏறத்தாழ ஐந்து நிமிடம். ஒளியில் அது உண்டாக்கும் மாற்றம் பத்து லட்சத்தில் ஒருசில பங்கு. அடுத்தடுத்த சுரங்களுக்கு இடையிலான அதிர்வெண் இடைவெளி, சூரியனில் 135 மைக்ரோஹெர்ட்ஸ், விண்மீனின் சராசரி அடர்த்தியின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அலைவு உச்சம் பெறும் அதிர்வெண் மேற்பரப்பு ஈர்ப்பைச் சொல்கிறது. நிறமாலை தரும் வெப்பநிலையையும் சேர்த்தால் நிறையும் ஆரமும் கைக்கு வரும். மையத்தில் ஹைட்ரஜன் எவ்வளவு தீர்ந்திருக்கிறது என்பதையும் சில நுண்ணிய இடைவெளிகள் காட்டுவதால், வயதும் தெரியவருகிறது. வேறெந்த வழியிலும் தனி விண்மீன் ஒன்றின் வயதை இவ்வளவு நம்பிக்கையோடு சொல்வது கடினம்.

பலன் சிறிதல்ல. கெப்ளர்-93 என்ற விண்மீனின் துடிப்பை அளந்ததால் அதன் கோளின் ஆரம் 1.481 புவி ஆரம் என்று, சுமார் 120 கிலோமீட்டர் பிழைக்குள், 2014இல் நிறுவப்பட்டது. கெப்ளர்-444 என்ற விண்மீனுக்கு 1,120 கோடி ஆண்டு வயது என்று 2015இல் தெரிந்தது. புவியைவிடச் சிறிய ஐந்து கோள்கள் அதைச் சுற்றுகின்றன. நம் பால்வழியின் இளமையிலேயே பாறைக் கோள்கள் உருவாகிவிட்டன என்ற முடிவு முழுக்க அந்த விண்மீனின் துடிப்பை நம்பி நிற்கிறது.

ஒரு மறுப்பு எழும்: கெப்ளரின் பணி கோள் தேடுவது, துடிப்பாய்வு அதில் ஒட்டிக்கொண்டு வந்த கிளைப்பயன் அல்லவா? திட்ட வரலாற்றை மட்டும் பார்த்தால் இந்த மறுப்பு பொருந்தும். ஆய்வு முறைமைக்குப் பொருந்தாது. சூரியனொத்த விண்மீன்கள் எதிர்பார்த்ததைவிட அமைதியற்றவை என்று வானியலாளர் ரான் கில்லிலேண்டின் குழு 2011இல் கண்டது. ஐந்து நிமிட அலைவுகள் பல மணிநேரக் கடப்பில் சராசரியாகி மறைந்துவிடும்; தொல்லை தருவது மேற்பரப்புக் கொதிப்பும் காந்தச் செயற்பாடும். ஆனால் அலைவை எழுப்புவதும் அதே கொதிப்புத்தான். கோள் தேடுபவர் களையென்று பறித்தெறிய நினைப்பது துடிப்பாய்வாளரின் பயிர் விளையும் வயலிலேயே முளைக்கிறது. இரண்டையும் தனித்தனித் துறைகளாக நடத்துவது நிர்வாக வசதி, அவ்வளவே.

நம் வாதத்துக்குச் சங்கடமான உண்மையும் உண்டு. கெப்ளர்-93இன் கோள் 4.7 நாளில் ஒரு சுற்று முடிக்கும் உலைக்களம். கெப்ளர்-444இன் ஐந்தும் பத்து நாளுக்குள் சுற்றுபவை. நன்றாக அளக்கப்பட்டவை வாழத் தகாதவை. மாறாக, 2015இல் ‘புவியின் மூத்த உறவு’ என்று கொண்டாடப்பட்ட கெப்ளர்-452பி, 385 நாள் சுற்றுக்காலம் கொண்டது. அதன் விண்மீன் மங்கலானது; துடிப்பு அளக்கப்படவில்லை. கோளின் ஆரம் 1.63 புவி ஆரம் என்றாலும், பிழை இருபுறமும் 0.2க்குக் குறையாதது, பாறையா வாயுவா என்ற எல்லைக்கோடு அந்தப் பிழைக்குள்ளேயே கிடக்கிறது. கோள் இருப்பதே உறுதியாகவில்லை என்று வானியலாளர் ஃபெர்கல் முல்லலியின் குழு 2018இல் வாதிட்டது. இத்தகையவற்றுக்குப் ‘புவி ஒத்த’ என்ற அடைமொழியைத் தருவது அவசரம். ‘புவியளவு இருக்கக்கூடியது’ என்பதோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை.

குறை, அளவுகோலில் இல்லை. விண்மீன் தேர்வில் இருந்தது. கெப்ளரால் ஒரு நேரத்தில் 512 விண்மீன்களை மட்டுமே நிமிடத்துக்கு ஒருமுறை பதிவு செய்ய முடிந்தது. மற்றவை அரைமணிக்கு ஒருமுறைதான். ஐந்து நிமிட அலைவு அதில் அகப்படாது. ஐரோப்பிய விண்வெளி முகமையின் பிளேட்டோ திட்டம் இந்தப் பாடத்தின் மேல் கட்டப்பட்டது: 26 கேமராக்கள், பிரகாசமான விண்மீன்களுக்கு முன்னுரிமை, வயதைப் பத்து விழுக்காட்டுப் பிழைக்குள் கணிக்கும் இலக்கு. பிளேட்டோ என்ற பெயர் ஒரு சுருக்கம். அதன் விரிவு, கோள்களின் கடப்புகளும் விண்மீன்களின் அலைவுகளும்.