ஸ்டெப்னி
ஸ்டெப்னி அல்லது மாற்றுச் சக்கரம் என்பது ஊர்தியின் சக்கரம் ஒன்று பழுதுற்றால் பூட்டுவதற்காக உடன் கொண்டுசெல்லப்படும் சக்கரம் ஆகும். 1904 இல் வேல்சு நாட்டின் லனெல்லி நகரில் இதனை உருவாக்கிய நிறுவனம் ஸ்டெப்னி தெருவில் இயங்கியது. அப்பெயரே இந்தியாவில் பொதுச்சொல்லாக நிலைத்துவிட்டது.

பிக்கப் வண்டிகளில் இது பெரும்பாலும் சரக்குத் தளத்தின் அடியில் தொங்குவதால், ஓடும் டயர்களை வேறு அளவுக்கு மாற்றுவோர் இதனை மறந்துவிடுவதுண்டு. 215/75 ஆர்15 டயரின் விட்டம் ஏறத்தாழ 704 மி.மீ.; 195/80 ஆர்15 டயரின் விட்டம் 693 மி.மீ. இரண்டும் ஒரே 15 அங்குல டிஸ்க்குக்கு உரியவை எனினும், சிறியது கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 7 சுற்றுகள் மிகுதியாகச் சுழலும். பின்சக்கர இயக்கமுள்ள வண்டியில் இதனைப் பின்னால் பூட்டினால் நேரான சாலையிலும் டிபரன்சியல் பற்சக்கரங்கள் ஓயாது சுழன்று தேயும். முன்னால் பூட்டினால் பிரேக் பிடிக்கையில் வண்டி ஒருபுறம் இழுக்கக்கூடும். ரிஷிவந்தியம் போன்ற சமவெளி ஊர்களில் இது பெரிதாகத் தெரியாது. கல்வராயன் மலையிலிருந்து சுமையுடன் இறங்கும் வண்டிக்கு, வளைவுகளில் இதுவும் ஓர் இடராகலாம்.