சிந்தனையும் பலகையும்

சதுரங்கம் ஆடும் கணிப்பொறியில் இரு நிரல்கள் உள: ஒன்று ஆட்டத்தைச் சிந்திப்பது, மற்றொன்று திரையில் பலகையைக் காட்டுவது. இவை உரையாட ஒரு பொதுமொழி வேண்டுமன்றோ? 'க்னூ செஸ்' என்னும் ஆட்ட நிரலுக்கென எழுந்த பலகை 'எக்ஸ்போர்டு'. அதன் பேச்சுமுறையே பிற நிரல்களுக்கும் வழக்காயிற்று. அதில் ஆட்டத்தின் நிலையை ஆட்ட நிரலே நினைவிற் கொள்ளுதல் வேண்டும். 2000ஆம் ஆண்டில் ருடால்ஃப் ஹூபர், ஸ்டெஃபான் மேயர்-காலென் ஆகிய இருவர் 'யு.சி.ஐ.' என்னும் புதுநெறியை வெளியிட்டனர். இதில் பலகையே ஒவ்வொரு முறையும் நிலையை அறிவித்து, 'செல்க' என ஏவும். ஆட்ட நிரல் சிறந்த நகர்வை விடையாகத் தரும்.

இத்தகைய நெறிகளால் விளைந்த பயன் யாது? பலகை அமைக்கும் சுமையின்றித் தனிமனிதரும் தம் நிரலைப் போட்டியில் நிறுத்த இயன்றது. 2008இல் தோன்றிய 'ஸ்டாக்ஃபிஷ்', தனக்கென எழிற்பலகை ஏதுமின்றியே உலகின் வலிய நிரல்களுள் ஒன்றாயிற்று. பொதுமொழி உண்டாயின் எளியோர் குரலும் சபையேறும் என்பதை நாம் இவ்வரலாற்றிற் காண்கிறோம்.