பூனைக்காக அழுதவர்கள்

இந்த முறை வரலாறு பற்றி எழுதுகிறேன். போர், படையெடுப்பு, ஆட்சி மாற்றம் எதுவும் இதில் பெரிதாக இருக்காது. வீட்டில் வளர்த்த பூனை இறந்தபோது அந்தக் காலத்து மனிதர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் விஷயம். "இதெல்லாம் ஒரு வரலாறா?" என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நானும் சென்ற மாதம் வரை அப்படித்தான் நினைத்திருந்தேன்.

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தேன். எங்கள் பூனை மீனு வழக்கம் போலக் காலை உரசிவிட்டு வெளியே ஓடியது. ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. தெருவில் ஏதோ ஒரு வண்டி சடாரென்று பிரேக் போடும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான். நான்கு வருடம் என் புத்தகப் பையின் மேல் படுத்துத் தூங்கிய பூனை. நோயில் கிடந்து இறந்திருந்தால் மனம் கொஞ்சமாவது தயாராகியிருக்கும். இது அப்படி இல்லை.

"ஒரு பூனைக்குப் போயா இப்படி அழுவாங்க? வேற ஒண்ணு எடுத்து வளர்த்தாப் போச்சு" என்றார் அத்தை. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வகுப்பில் ஒருவன், "பூனைக்கு லீவ் லெட்டர் எழுதுன முதல் ஆள் நீதான்டா" என்று சிரித்தான். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. பூனைக்காக அழுவது இந்தக் காலத்துச் செல்லம் கொஞ்சலா? நம் பாட்டன் பூட்டன் காலத்தில் இப்படியெல்லாம் கிடையாதா? அதைத் தெரிந்துகொள்ளத்தான் படிக்க ஆரம்பித்தேன்.

புருவம் மழித்த வீடுகள்

பூனை என்றால் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது எகிப்துதான். நைல் நதிக்கரையில் தானியம் விளைந்தது. தானியக் கிடங்கு இருந்தால் எலி வரும். எலி இருந்தால் பாம்பு வரும். இரண்டையும் பிடிக்கிற பூனை வீட்டுக்குள் வந்ததில் ஆச்சரியம் இல்லை. பிறகு அது கோவிலுக்குள்ளும் போனது. பூனை வடிவப் பெண் தெய்வமான பாஸ்டெட்டுக்குப் புபாஸ்டிஸ் என்ற நகரத்தில் பெரிய கோவில் இருந்தது.

கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எகிப்தைப் பற்றி எழுதியபோது இதையும் குறித்து வைத்தார். ஒரு வீட்டில் பூனை தானாக இறந்தால் அந்த வீட்டில் உள்ள எல்லோரும் புருவத்தை மழித்துக்கொள்வார்களாம். வீடு தீப்பிடித்தால் தீயை அணைப்பதை விட்டுவிட்டு, பூனைகள் நெருப்புக்குள் பாய்ந்துவிடாமல் காவல் நிற்பார்களாம். அதையும் மீறிப் பாய்ந்துவிட்டால் பெரிய துக்கம் கொண்டாடுவார்களாம்.

யோசித்துப் பாருங்கள். புருவம் இல்லாமல் தெருவில் நடந்தால் பார்ப்பவர் எல்லோருக்கும் தெரிந்துவிடும். "என்ன ஆச்சு?" என்று கேட்க வேண்டியதே இல்லை. துக்கத்தை ஒளித்து வைக்க வேண்டாம் என்று அந்த ஊரே அனுமதி கொடுத்திருந்தது. எனக்கு அந்த விஷயத்தில் கொஞ்சம் பொறாமைதான்.

இன்னொரு சம்பவமும் உண்டு. டயோடோரஸ் என்ற வரலாற்றாசிரியர் கி.மு. 60 வாக்கில் எகிப்துக்குப் போயிருந்தார். அப்போது ஒரு ரோமானியர் தெரியாமல் ஒரு பூனையைக் கொன்றுவிட்டார். கூட்டம் அவர் வீட்டுக்கு ஓடியது. ரோம் வல்லரசு. அதைப் பகைத்துக்கொள்ள எகிப்து மன்னர் தாலமி பயந்தார். தன் அதிகாரிகளை அனுப்பிக் கெஞ்சிப் பார்த்தார். பலன் இல்லை, அந்த மனிதரை அடித்துக் கொன்றுவிட்டார்கள். இது கேள்விப்பட்டதல்ல, நேரில் பார்த்தது என்கிறார் டயோடோரஸ்.

இளவரசரின் பூனை

இதெல்லாம் பக்தி, இதில் பாசம் எங்கே இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். அதற்கும் ஒரு சான்று இருக்கிறது.

மூன்றாம் அமென்ஹோடெப் என்ற பாரோ மன்னரின் மூத்த மகன் துத்மோஸ். அடுத்து அரசராக வேண்டியவர், மெம்ஃபிஸ் நகரில் தலைமைப் பூசாரியாகவும் இருந்தார். அவர் வளர்த்த பெண் பூனையின் பெயர் தா-மியூ. எகிப்து மொழியில் 'மியூ' என்றாலே பூனைதான். பூனை போடும் சத்தமே அதற்குப் பெயராகிவிட்டது.

தா-மியூ இறந்தபோது இளவரசர் அதற்குச் சுண்ணாம்புக் கல்லில் ஒரு சவப்பெட்டி செய்யச் சொன்னார். காலம் ஏறத்தாழ கி.மு. 1350. கெய்ரோ அருங்காட்சியகத்தின் சேகரிப்பைச் சேர்ந்தது அந்தப் பெட்டி. உணவு படைத்த மேசைக்கு முன்னால் பூனை உட்கார்ந்திருப்பது போல அதில் செதுக்கியிருக்கிறார்கள். இறந்த மனிதர்களின் பெயருக்கு முன்னால் போடும் 'ஒசிரிஸ்' என்ற பட்டத்தைப் பூனையின் பெயருக்கு முன்னாலும் போட்டிருக்கிறார்கள். மறு உலகத்திலும் அது பசியில்லாமல் இருக்க வேண்டும் என்று ஒருவர் ஆசைப்பட்டிருக்கிறார்.

அந்த இளவரசர் தந்தைக்கு முன்பே இறந்துவிட்டார். அவருக்குப் பதில் தம்பி அரசரானார். அவர்தான் பிறகு அக்கெனாதென் என்று புகழ்பெற்றவர். தம்பியை உலகம் முழுக்கத் தெரியும். அண்ணனை நினைவில் வைத்திருக்கும் சில பொருட்களில் ஒன்று இந்தப் பூனைப் பெட்டி.

படித்தபோது கசந்த பக்கம்

இதுவரை படித்ததும் "பார்த்தீர்களா, எகிப்தியர்கள் பூனையை எப்படி மதித்தார்கள்!" என்று அத்தையிடம் சொல்ல ஓடினேன். நல்லவேளை, அத்தை ஊருக்குப் போயிருந்தார். ஏனென்றால் அடுத்து படித்தது வேறு மாதிரி இருந்தது.

1888இல் எகிப்தில் பெனி ஹசன் என்ற இடத்தில் பதப்படுத்திய பூனை உடல்கள் மலை மலையாகக் கிடைத்தன. அவற்றில் சுமார் 19 டன் எடையுள்ள சரக்கு 1890இல் இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுகத்துக்குப் போய் ஏலத்தில் விற்கப்பட்டது. சுமார் 1,80,000 பூனைகள் என்று கணக்கிட்டார்கள். எதற்கு வாங்கினார்கள் தெரியுமா? வயலுக்கு உரம் போட.

அதைவிட வருத்தம் தருவது இனிதான். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருந்த ஐம்பதுக்கும் மேற்பட்ட பூனை உடல்களை எக்ஸ்ரே எடுத்து ஆராய்ந்த முடிவு 1981இல் வெளியானது. அவற்றில் பல நான்கு மாதம்கூட ஆகாத குட்டிகள். ஒரு வயது நிரம்பாதவை இன்னும் பல. பலவற்றின் கழுத்து எலும்பு முறிக்கப்பட்டிருந்தது. அதாவது அவை தாமாக இறக்கவில்லை. கோவிலுக்கு வருகிறவர்கள் காணிக்கை செலுத்துவதற்காகவே பூனைகளை வளர்த்து, கொன்று, துணி சுற்றி விற்றிருக்கிறார்கள். நாம் கோவில் வாசலில் தேங்காய் பழத் தட்டு வாங்குவது போல.

ஒரு பக்கம் பூனையைக் கொன்றவரை அடித்துக் கொன்ற நாடு. அதே நாட்டில் இன்னொரு பக்கம் குட்டிகளின் கழுத்தை முறித்து வியாபாரம். இரண்டு நாள் இதை நினைத்துக் குழம்பினேன். பிறகு ஒன்று புரிந்தது. தெய்வமாகக் கும்பிட்டதால் பூனைகளுக்குப் பாதுகாப்பு கிடைத்துவிடவில்லை. 'பூனை' என்று மொத்தமாக மதிப்பது வேறு, 'இந்தப் பூனை' என்று ஒன்றை நேசிப்பது வேறு.

பெரெனிகே: குப்பை மேட்டுக்கு அடியில்

அப்படி 'இந்தப் பூனை' என்று நேசித்த சாதாரண மக்களின் தடயம் எங்காவது இருக்கிறதா? இருக்கிறது. அதுவும் எகிப்தில்தான், ஆனால் ரோமானியர் ஆட்சிக் காலத்தில்.

செங்கடல் கரையில் பெரெனிகே என்று ஒரு துறைமுகம். தமிழர்களான நமக்கு அது அந்நிய ஊர் இல்லை. கி.பி. முதல் நூற்றாண்டில் நம் பக்கத்து மிளகு ஏற்றிய கப்பல்கள் அங்கேதான் போய் நின்றன. அங்கே ஒரு கோவிலில் இந்தியாவில் செய்த பெரிய மண்ஜாடி நிறைய, சுமார் ஏழரை கிலோ மிளகு கிடைத்தது. தமிழ் பிராமி எழுத்தில் 'கொற்றன்' என்ற பெயரோடு தொடர்புள்ள ஒரு பானை ஓடும் அங்கே கிடைத்திருக்கிறது. யாரோ ஒரு தமிழர் அந்த வெயிலில் நடந்திருக்கிறார்.

அந்த ஊரின் ஓரத்தில், பழைய குப்பை மேட்டுக்கு அடியில், போலந்து நாட்டுத் தொல்விலங்கியல் அறிஞர் மார்தா ஒசிபின்ஸ்கா தலைமையிலான குழு ஒரு மயானத்தைக் கண்டறிந்தது. மனிதர்களுக்கு அல்ல, விலங்குகளுக்கு. கி.பி. முதல், இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 2021இல் வெளியான கட்டுரையின்படி அதில் இருந்தவை 585 விலங்குகள். பூனைகள் 536, நாய்கள் 32, குரங்குகள் 15, ஒரு நரி, ஒரு வல்லூறு. குரங்குகளில் இந்தியாவிலிருந்து கப்பலேறிப் போனவையும் உண்டு.

இங்கே எந்தப் பூனையின் கழுத்தும் முறிக்கப்படவில்லை. எதுவும் பதப்படுத்தப்படவும் இல்லை. ஒவ்வொன்றையும் தூங்குவது போலக் கிடத்திப் புதைத்திருக்கிறார்கள். சிலவற்றின் கழுத்தில் இரும்புப் பட்டை, சிலவற்றுக்குக் கண்ணாடி மணியும் சிப்பியும் கோத்த மாலை. சில உடல்களைத் துணியால் மூடியிருக்கிறார்கள். சிலவற்றை உடைந்த பானை ஓட்டால் மூடியிருக்கிறார்கள். பல் கொட்டிப் போன வயதான விலங்குகளும் இருந்தன. பல் இல்லாத விலங்கு தானாக இரை தேடிப் பிழைக்க முடியாது. யாரோ ஊட்டி வளர்த்திருக்கிறார்கள்.

பெரெனிகே பாலைவனத்து ஊர். குடிக்கும் தண்ணீரைக்கூட வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும். அங்கே ஒரு பூனைக்கு மீனும் தண்ணீரும் கொடுத்து, இறந்ததும் குழி வெட்டி, மாலையைக் கழற்றாமல் புதைத்தவர்களுக்கு அதனால் எந்தப் புண்ணியக் கணக்கும் இல்லை. அந்தப் பூனை அவர்களுடையது, அவ்வளவே காரணம்.

பெயர் வைக்காத பூனை

கடைசியாக ஒருவர், ஜப்பானிய எழுத்தாளர் நாட்சுமே சோசெகி. 1905-06இல் அவர் எழுதிய 'நான் ஒரு பூனை' நாவல் அவரை நாடறிந்த எழுத்தாளர் ஆக்கியது. அதற்குக் காரணம் 1904இல் அவர் வீட்டுக்குள் தானாக நுழைந்த ஒரு தெருப்பூனை. நாவலில் வரும் பூனைக்குப் பெயர் கிடையாது. வீட்டில் இருந்த பூனைக்கும் கடைசி வரை பெயர் வைக்கவில்லை.

அது 1908 செப்டம்பரில் இறந்தது. சோசெகி தன் மாணவர்களுக்கு மனிதர் இறந்தால் அனுப்புவது போலக் கறுப்புக் கரை போட்ட அஞ்சல் அட்டையில் சேதி அனுப்பினார். பிறகு இதைப் பற்றி எழுதும்போது அவர் ஒன்றை மறைக்கவில்லை. பூனை நோயில் வாடியபோது வீட்டில் யாரும் அதைச் சரியாகக் கவனிக்கவில்லை. இறந்த பிறகுதான் மரப்பலகை, பூ என்று எல்லோரும் பரபரத்தார்கள். ஆண்டுதோறும் அதன் நினைவு நாளில் அவர் மனைவி ஒரு துண்டு மீனும் சோறும் படைத்தார்.

இதைப் படித்தபோது எனக்கு என்னவோ செய்தது. ஏனென்றால் என் அழுகையிலும் பாதி அதுதான். கதவை நான் திறந்தேன். கீழே குனிந்து பார்க்கவில்லை. மழித்த புருவத்திலும் கல் பெட்டியிலும் கறுப்புக் கரையிலும் எவ்வளவு பாசமோ, அவ்வளவு குற்ற உணர்வும் கலந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

முடிவாக

அத்தைக்கு என் பதில் இதுதான். பூனைக்காக அழுவது இந்தக் காலத்துப் பழக்கம் இல்லை. குறைந்தது 3,300 வருடப் பழக்கம். "வேற ஒண்ணு எடுத்துக்கலாம்" என்று இளவரசர் துத்மோசிடமும் யாராவது சொல்லியிருப்பார்கள். எடுத்திருக்கலாம். ஆனால் அது தா-மியூ இல்லையே.

மீனுவைக் கொல்லைப்புறத்தில் முருங்கை மரத்தடியில் புதைத்தோம். என் பழைய துண்டில் சுற்றினேன். நாய் தோண்டிவிடக் கூடாது என்று அம்மா, உடைந்த மண்சட்டி ஓடு ஒன்றைத் தேடி எடுத்து வந்து அதன் மேல் வைத்துவிட்டு மண்ணைத் தள்ளினார். அப்போது எனக்குப் பெரெனிகே என்ற பெயரே தெரியாது. அம்மாவுக்கு இப்போதும் தெரியாது.

இப்போதெல்லாம் கதவைத் திறக்கும் முன் ஒருமுறை கீழே பார்க்கிறேன். பழக்கம் தாமதமாக வந்துவிட்டது. உங்கள் வீட்டில் பூனையோ நாயோ இருந்தால் நீங்களும் பாருங்கள்.