கால் வேலி நிலமும் ஒரு தேங்காய்நார்ப் பையும்



உத்திரமேரூர் என்றவுடன் பாடநூல்கள் குடவோலை முறையைக் கூறும். வைகுண்டப் பெருமாள் கோயிலிலுள்ள முதலாம் பராந்தக சோழர் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஏரி வாரியத்துடன் தோட்ட வாரியத்தையும் குறிப்பிடுகின்றன. தோட்ட வாரியத்திற்கு உறுப்பினர் 12 பேர். குடவோலையில் பெயர் இடம்பெற, பொதுவிதியாக, வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருத்தல் வேண்டும். தோட்டத்தை மேற்பார்க்கும் உரிமையும் அன்று நிலமுடையோரிடமே இருந்தது.

நிலமும் இன்றி, நடக்கவும் இயலாதோர்க்குத் தோட்டத்தில் பங்கு உண்டா? இக்கேள்வியை நம்முள் எழுப்பியவர் சர்க்கரை நோயால் ஒரு காலை இழந்த பெரியவர் ஒருவர். சென்ற ரமளானில் ஃபித்ரா அரிசி கொண்டு சென்றபோது, “வருடா வருடம் வாங்கிக்கொண்டே இருக்கிறேன் ஹஜ்ரத், கொடுக்கத்தான் ஒன்றும் இல்லை” என்றார். நாம் மறுமொழி இன்றித் திரும்பினோம்.

மறுமொழி ஹதீஸில் இருந்தது. ஒரு முஸ்லிம் மரம் நட்டாலோ பயிரிட்டாலோ, அதிலிருந்து மனிதரோ பறவையோ கால்நடையோ உண்பது அவருக்கு ஸதகாவாகும் என நபி (ஸல்) அவர்கள் அறிவித்தது புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் உள்ளது. இதற்குக் கால் வேலி நிபந்தனை கிடையாது.

நம் வரலாறும் இதற்குச் சான்று. பார்வையற்ற நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரழி) அவர்களின் பொருட்டு ‘அபஸ’ அத்தியாயம் அருளப்பட்டது. அவர் மதீனாவில் பாங்கு சொன்னார். நபி (ஸல்) அவர்கள் பயணம் சென்றபோது ஊரின் பொறுப்பையும் ஏற்றார். கி.பி. 705 முதல் 715 வரை ஆண்ட உமையா கலீஃபா வலீத், நடக்க இயலாதோர்க்குப் பணியாளரையும் பார்வையற்றோர்க்கு வழிகாட்டியையும் நியமித்தார் என வரலாற்றாசிரியர்கள் பதிந்துள்ளனர். கலீஃபா உதவி வழங்கினார். நபி (ஸல்) அவர்களோ பொறுப்பையே வழங்கினார்கள். இரண்டும் தேவை; நாம் இரண்டாவதை மறந்துவிட்டோம்.

அண்மைக் காலத்திலும் சான்றுண்டு. 1954-இல் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த வேலூர் மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். அவரது முயற்சியால் 1966-இல் வேலூரில் மறுவாழ்வு மையம் திறக்கப்பட்டது. அமெரிக்காவின் புரூக்ளின் தாவரவியல் பூங்காவில் 1955-இல் பார்வையற்றோர்க்கென நறுமணத் தோட்டம் அமைந்தது. அதன் பாத்திகள் சக்கர நாற்காலியில் வருவோரின் கைக்கெட்டும்படி உயர்த்தப்பட்டன. மனிதரால் மண்ணுக்குக் குனிய இயலாவிட்டால், மண்ணை அவர் கைக்கு உயர்த்துவதே வழி.

நம் மாநிலத்தில் 2013-14-இல் சென்னையிலும் கோவையிலும் தொடங்கிய மாடித்தோட்டத் திட்டம் தேங்காய்நார்க் கழிவு, வளர்ப்புப் பைகள், விதைகள் ஆகியவற்றை மானிய விலையில் வழங்கியது. மண்ணைவிட நார்க்கழிவு எடை குறைந்தது. சக்கர நாற்காலியில் இருப்போர்க்கு மாடி ஏற வேண்டியதில்லை. வெயில்படும் திண்ணையோரமே போதும். முழங்கால் நுழைய அடியில் சுமார் 70 செ.மீ. இடைவெளி உள்ள பலகையில், ஆழம் குறைந்த தொட்டிகளை வைக்கலாம். ஒரு சாண் ஆழத்தில் அரைக்கீரையும் வெந்தயக்கீரையும் நன்கு வளரும். பிடி தளர்ந்த கைகளுக்குக் கைக்கொத்தின் காம்பில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றினால் நழுவாது. தண்ணீர் ஊற்றச் சிறு குவளை போதும்.

பார்வையற்றோர்க்குப் புதினாவும் திருநீற்றுப்பச்சையும் ஏற்றவை. தொட்டும் முகர்ந்தும் அறியலாம். திருநீற்றுப்பச்சையே அரபியர் ரைஹான் என்னும் செடி. ரைஹான் தரப்பட்டால் மறுக்க வேண்டாம், அது சுமக்க எளிது, மணம் இனிது என்பது நபிமொழியின் கருத்து.

நாம் அப்பெரியவரின் திண்ணையில் மூன்று தொட்டிகளை வைத்தோம். ஒரு மாதம் கழிந்து, ஜுமுஆவுக்குப் பின் அவருடைய பேரன் ஒரு கட்டு வெந்தயக்கீரையைக் கொண்டுவந்து, “ஆதரவற்ற வீட்டுக்குக் கொடுக்கச் சொன்னார் அப்பா” என்றான். அன்று ஸதகா கொடுத்தவர் அவரே.

ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் மஹல்லாவில் இத்தகையோர் எத்தனை பேர் எனக் கணக்கெடுக்கட்டும். ஜகாத்துடன் இரண்டு தொட்டிகளையும் கொண்டு செல்லட்டும். பெறுவோர் யாவரையும் கொடுப்போராகவும் ஆக்க வல்ல அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக. ஆமீன்.