துண்டிலிருந்து தரவு வரை: கண்டி மலைநாடும் ஆவணப் பாதுகாப்பும்

தகவற் பாதுகாப்பினைக் கணினியியலாளரின் தனிப்பிரச்சினையாகக் கொள்வாருளர். ஆயின், கண்டிச் சீமையின் பெருந்தோட்ட வரலாற்றை நோக்குவார்க்கு அது வர்க்க உறவுகளின் பாற்பட்டதென்பது புலனாகும்.

1867இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைப் பயிரிட்டார். அம்மலைச்சாரல்களில் தொழிலாளரைப் பிணித்து வைத்தது 'துண்டு' எனும் கடதாசியாகும். கடன் தீர்க்கப்படின் விடுவிக்கச் சம்மதமெனத் துரைமார் எழுதும் அத்துண்டின்றி வேறு தோட்டத்தில் வேலை பெறுதல் அரிது. 1921இல் சட்டம் அதனை ஒழித்தது. ஆவணத்தின் ஆதிக்கம் ஒழியவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பிக்கப்பட்டபோதிலும், ஏறத்தாழ 1,34,000 பேரே உரிமை பெற்றனர். நீண்டகால வதிவை நிறுவ ஆவணம் வேண்டப்பட்டது. உழைத்தவரிடமோ அது இருக்கவில்லை.

இன்று ஏடுகள் கணினிக்குட் புகுந்துள்ளன. 2023 ஆகஸ்டில் கப்பம் கோரும் நச்சுநிரலொன்று இலங்கை அரசாங்கத்தின் முகிற்கணினி அமைப்பைத் தாக்கிற்று. ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான தரவுகள் அழிந்தன. காலாவதியான மென்பொருளும், அக்காலத் தரவுகளுக்குக் காப்பு நகலின்மையுமே இழப்பின் காரணங்கள். களவினும் கவனயீனமே கொடிதென்பது இதனாற் பெறப்படும்.

எதிர்காலத்தில் இவ்வபாயம் பெருகும். செயற்கை நுண்ணறிவு பிழையற்ற தமிழில் ஏமாற்றுக் கடிதம் வரையும். குவாண்டம் கணினிகள் இன்றைய மறைகுறிகளை உடைக்கக்கூடுமென்பதனாலேயே ஐக்கிய அமெரிக்கா 2024இல் புதிய மறைகுறி நியமங்களை வெளியிட்டது. இன்று களவாடப்படும் பதிவு நாளை வாசிக்கப்படலாம். கடவுச்சொல்லை மாற்றலாம்; கைரேகையை மாற்றுதல் இயலுமோ? உடலடையாளங்களைத் திரட்டும் எண்ணிம அடையாள அட்டைத் திட்டத்தை இப்பின்னணியிலேயே நாம் நோக்குதல் வேண்டும்.

ஆகவே, கண்டிப் பிரதேசத்தின் வைத்தியசாலைகள், பல்கலைக்கழகம், கூட்டுறவுச் சங்கங்கள், தோட்ட நிருவாகங்கள் யாவும் வலையமைப்புடன் தொடர்பற்ற காப்பு நகல்களைப் பேணுதலும், அவற்றிலிருந்து தரவை மீட்டுப் பார்த்தலும், மென்பொருளைக் காலந்தோறும் புதுப்பித்தலும், ஊழியரைத் தாய்மொழியிற் பயிற்றுதலும் இன்றியமையாதன. தேவைக்கு மிஞ்சிய தரவைத் திரட்டாமையும் பாதுகாப்பேயாகும். இவற்றுக்கு மேலாக, 2022ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஏட்டளவில் நின்றுவிடாது, தன் பதிவைப் பார்க்கவும் திருத்தவும் தொழிலாளிக்கு வழி திறத்தல் வேண்டும். தொழிற்சங்கங்கள் அதனைக் கோருதல் வேண்டும்.

பூட்டு வலிதா என்பது ஒரு வினா. திறவுகோல் எவர் கையில் என்பதே மலையக வரலாறு எழுப்பும் வினா.